‘பிழைத்தவர்’ என்றால் மீண்டவரா, குற்றம் செய்தவரா?

சாம்பல்தீவான்:
எங்கள் ஊர் வாசிகசாலை வெளியிடும் மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் ஏறியபோது தென்னையைக் கட்டிப்பிடித்தும் கூரையில் தொங்கியும் மீண்ட சிலரைச் சந்தித்து எழுதியது. ‘கடல்கோளில் பிழைத்தோர்’ என்று தலைப்பு வைத்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் ‘பிழைத்தோர்’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘உயிர் தப்பியோர்’ என்று எழுதி, ஓரத்தில் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார்: ‘பிழைத்தோர் எனில் பிழை செய்தோர். பறிகொடுத்தவர்கள் வாசிக்கப்போகும் மலரில் இச்சொல் தகாது.’

திருத்தத்தை ஏற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காரணம்தான் மனதை அரிக்கிறது. நெருப்புக் காய்ச்சலில் கிடந்த பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று நாம் எல்லோரும்தானே சொல்கிறோம்? அந்தப் பிள்ளை யாருக்கு என்ன குற்றம் செய்தது? தவறைக் குறிக்கும் ‘பிழை’யும் உயிர் மீள்வதைக் குறிக்கும் ‘பிழை’யும் ஒரே சொல்லா, அல்லது ஓசையால் மட்டும் ஒத்த இரண்டு சொற்களா? ‘தப்பியோர்’ என்பதற்குள்ளும் ஒரு தப்பு இருக்கிறதே ஐயா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உவர்மலை மாஸ்டர்:
தம்பி, பெரியவர் செய்தது சரி. அவர் சொன்ன காரணமும் சரி.

‘பிழைத்தோர்’ என்ற வடிவத்தைக் கேட்டதும் தமிழ் படித்தவன் காதில் முதலில் விழுவது சிலப்பதிகாரப் பதிகம்: ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’. ஆட்சியில் தவறியவனுக்கு அறமே யமன். பாண்டியனும் தன் வாயாலேயே சொல்கிறான்: ‘மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது, கெடுக என் ஆயுள்’. பிழைத்தது என்று சொன்ன மறுகணம் அவன் உயிரோடு இல்லை. நீர் சொல்லும் ‘பிழைப்பு’ அங்கே எங்கே இருக்கிறது?

திருக்குறளுக்கு வருவோம். 90ஆம் அதிகாரத்தின் பெயரே ‘பெரியாரைப் பிழையாமை’. அதில் 896ஆம் குறள்:

எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார்
பெரியார்ப் பிழைத்தொழுகு வார்.

இதை இன்றைய பேச்சில் போட்டுப் பாரும்: ‘பெரியாரைப் பிழைத்தவர் பிழைக்கமாட்டார்.’ வள்ளுவர் இப்படி எழுதவில்லை. உயிர் மீள்வதற்கு ‘உய்’ என்பதையும் தவறி நடப்பதற்குப் ‘பிழை’ என்பதையும் எதிரெதிரே நிறுத்தினார். இரண்டு வேலைக்கும் ஒரே சொல் அவர் கையில் இருந்திருந்தால் அந்தச் சொல்விளையாட்டை விட்டுவைத்திருப்பாரா? ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று பாடிய மனிதர்!

ஆகவே பழந்தமிழில் பிழைத்தல் என்றால் தவறுதல். வாழ்தல் என்ற பொருள் வேறொரு சொல்லுக்கு உரியது. அது பிற்காலத்தில் வந்து அதே எழுத்துக்களில் குடியேறிக்கொண்டது. அவ்வளவுதான்.

மூதூர் நானா:
அந்த அலையில் வீட்டைக் கொடுத்தவன் நான். ‘எப்படி நானா பிழைத்தீர்கள்?’ என்று கேட்காத ஆள் இல்லை. ஒருவரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கேட்கவில்லை. வாசிக்கிறவனுக்குக் குழப்பம் இல்லாத இடத்தில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு மட்டும் எப்படிக் குழப்பம் வந்தது? பாண்டியன் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, மாஸ்டர். மலர் வாசிக்கப்போவது சாம்பல்தீவுச் சனம்.

உப்புவெளி ரீச்சர்:
மாஸ்டர், உங்களிடம் படித்தவள் என்ற உரிமையில் எதிர்த்துப் பேசுகிறேன். சிலப்பதிகாரம் சரி, குறளும் சரி. ஆனால் நீங்கள் மார்கழி தோறும் படிக்கிற திருவாசகத்தை மட்டும் ஏன் மூடியே வைத்திருக்கிறீர்கள்?

போற்றித் திருஅகவலைத் திறந்து பாருங்கள். கருவில் விழுந்த உயிர் ஒவ்வொரு மாதமும் எதிலெதிலிருந்து தப்பி வருகிறது என்று மாணிக்கவாசகர் அடுக்குகிறார். ‘மானுடப் பிறப்பினுள் மாதா உதரத்து, ஈனமில் கிருமிச் செருவினில் பிழைத்தும்’ என்று தொடங்கி, ‘ஈரிரு திங்களில் பேரிருள் பிழைத்தும்’ என்று நான்காம் மாதத்துக்கு வந்து, ‘தக்க தசமதி தாயொடு தான்படும் துக்க சாகரத் துயரிடைப் பிழைத்தும்’ என்று பத்தாம் மாதத்தில் பிள்ளையை வெளியே எடுக்கிறார். அதோடு விடவில்லை. பிறந்த பிறகு ‘கல்வி என்னும் பல்கடல் பிழைத்தும், செல்வம் என்னும் அல்லலில் பிழைத்தும், நல்குரவு என்னும் தொல்விடம் பிழைத்தும்’. (கல்வி என்னும் பல்கடல் பிழைத்த பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் உயர்தர வகுப்பில் பார்க்கிறேன். பாதிப் பேர் கரை ஏறும்போது நினைவிழந்த நிலையில் இருக்கிறார்கள்.)

இந்தப் ‘பிழைத்தும்’ ஒவ்வொன்றும் தப்பி மீள்வதுதான். குற்றம் செய்வது அல்ல. கருவிலே கிடக்கிற உயிர் நான்காம் மாதத்து இருட்டுக்கு என்ன குற்றம் செய்ய முடியும்?

அதே புலவர் அதே நூலில் நீத்தல் விண்ணப்பத்தில் ‘ஏசினும் யான் உன்னை ஏத்தினும் என் பிழைக்கே குழைந்து வேசறுவேனை’ என்று அழுகிறார். அங்கே பிழை என்பது குற்றம். ஒரே வாயிலிருந்து இரண்டு பொருளும் வருகின்றன. மாணிக்கவாசகரை 9ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டால், ‘பிற்காலத்தில் குடியேறியது’ என்ற உங்கள் பிற்காலம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. இவ்வளவு காலம் குடியிருந்தவனுக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்துவிடலாம்.

உவர்மலை மாஸ்டர்:
பிள்ளை, அகவலை எனக்குப் படித்துக்காட்ட வேண்டாம். நீர் பிறக்கும் முன்பே பாராமல் ஒப்புவித்தவன் நான். ஆனால் நீர் நிறுவியது என்ன? இரண்டு பொருளும் பழையவை என்று நிறுவினீர். ஒரே சொல் என்று நிறுவவில்லை. ‘ஆறு’ என்றால் நதியும் எண்ணும். இரண்டும் பழையவை. அதனால் ஆறு என்னும் எண் நதியிலிருந்து ஓடி வந்தது என்பீரா? பூமாலையும் அந்தி மாலையும் ஒரே புலவன் பாட்டில் வரும். அவற்றையும் கோத்துவிடுவீரா?

‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்பது தொல்காப்பியம். சாம்பல்தீவுத் தம்பி கேட்ட கேள்வி ஒரு சொல்லா இரு சொல்லா என்பது. நீர் கொடுத்த விடை, எப்போதிருந்து என்ற கேள்விக்கானது. குற்றத்திலிருந்து வாழ்வுக்கு ஒரு பாலம் காட்டும். காட்டினால் நான் நடந்து வருகிறேன்.

உப்புவெளி ரீச்சர்:
பாலம் குறளிலேயே இருக்கிறது. நீங்கள் 896இல் நின்றுவிட்டீர்கள். படைச்செருக்குக்குப் போங்கள், 772:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

‘யானை பிழைத்த வேல்’ என்றால் என்ன? யானையைக் குறிவைத்து எறிந்து, படாமல் போன வேல். இங்கே பிழைத்தல் என்பது குற்றமும் அல்ல, வாழ்தலும் அல்ல. குறி விலகுதல். இதுதான் வேர் என்கிறேன். இலக்கில் படாமல் விலகிப் போவது.

இனி அந்தக் காட்டில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வேல் எறிந்தவன் பக்கம் நின்றால் அது தவறு. அவன் கை பிசகியது, எண்ணியது நடக்கவில்லை. யானையின் பக்கம் நின்றால் அதுவே உயிர். ஒரே நிகழ்ச்சி. வேல் பிழைத்தது, யானையும் பிழைத்தது. பெரியாரைப் பிழைத்தலும் இதே விலகல்தான். நடக்க வேண்டிய முறையிலிருந்து விலகுவது. கணக்குப் பிழைத்தது என்கிறோமே, விடை வந்து சேர வேண்டிய இடத்தில் சேராமல் விலகியது.

இருட்டைப் பிழைத்த கருவும் அப்படித்தான். இருட்டு அதன்மேல் விழ வந்தது, படவில்லை.

இது கற்பனை என்பீர்கள் என்று தெரியும். அதனால் ‘தப்பு’ என்ற சொல்லைச் சாட்சிக்கு அழைக்கிறேன். குறி தப்பியது என்று அம்பைச் சொல்கிறோம். மான் தப்பியது என்று மானைச் சொல்கிறோம். செய்தது தப்பு என்று ஆளைச் சொல்கிறோம். இவை மூன்று சொற்கள் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். ‘தப்பு’ செய்கிற வேலையைப் ‘பிழை’ செய்தால் மட்டும் ஏன் அதை இரண்டாக வெட்டுகிறீர்கள்?

இன்னொன்று. தப்பிப் பிழைத்தான் என்று இரண்டையும் கூட்டியே சொல்கிறோம். பெரியவர் ஒன்றை வெட்டி மற்றதை வைத்தது எனக்குச் சிரிப்பைத்தான் தருகிறது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருவனைக் குற்றவாளி என்று வெளியே தள்ளிவிட்டு மற்றவனை நடுவீட்டில் இருத்தியிருக்கிறார்.

டோகாவிலிருந்து கோணமலையான்:
ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது. இந்த விவாதத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் அறையில் மலையாளிகள்தான் அதிகம். அவர்களுக்குப் ‘பிழ’ என்றால் முதலில் தண்டப்பணம். வேகமாக வண்டி ஓட்டினால் ‘பிழ’ கட்ட வேண்டும். குற்றத்தின் பெயரே அதற்கான தண்டத்தின் பெயராகிவிட்டது. தேவாலயத்தில் பாவமன்னிப்பு மன்றாட்டில் மார்பில் தட்டிக்கொண்டு ‘என்றெ பிழ, என்றெ பிழ, என்றெ வலிய பிழ’ என்கிறார்கள். அப்படியென்றால் மலையாளத்தில் பிழ என்பது குற்றம் மட்டும்தானா என்று ஆலப்புழைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ‘ஞானும் எங்ஙனெயெங்கிலும் பிழச்சு போட்டே’ என்றார். நானும் எப்படியாவது பிழைத்துப்போகிறேன் என்று பொருள். அங்கேயும் இரண்டும் இருக்கின்றன.

தெலுங்குக்காரர் ஒருவரும் இருக்கிறார். அவருக்குத் தப்பு என்றால் தவறு, தப்பிஞ்சுகொனு என்றால் தப்பித்துக்கொள். கன்னடத்திலும் அப்படியே. தற்செயலாக ஓசை ஒத்த சொற்கள் என்றால் ஒரு மொழியில் நடக்கலாம். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் அதே தற்செயல் நடக்குமா, மாஸ்டர்?

உவர்மலை மாஸ்டர்:
கோணமலையான், நலமா? உம்முடைய சாட்சியில் பாதியைத்தான் ஏற்பேன். மலையாளமும் தமிழும் ஒரே வீட்டில் இருந்து பிரிந்தவை. தாய் வீட்டில் இரண்டு சொற்கள் ஓசையால் ஒத்திருந்தால், மகள் வீட்டுக்கும் இரண்டும் சீதனமாகப் போயிருக்கும். அது தற்செயலுக்குத் தற்செயல் அல்ல, ஒரே தற்செயலின் தொடர்ச்சி. தெலுங்குத் தப்பு பிழைக்குச் சாட்சி சொல்லாது. அது தப்புக்குத்தான் சாட்சி. அந்தச் சொல்லே வடக்கிலிருந்து இறங்கியது என்று சொல்பவர்களும் உண்டு.

ரீச்சரின் 772ஆம் குறள் நல்ல குறள். பாலம் என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் இருக்க வேண்டும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பாலத்தில் ஒரு பலகை இல்லை. ‘யானை பிழைத்த வேல்’ என்பதில் பிழைத்தது வேல். யானை அல்ல. எழுவாய் எப்படி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியது? நீர் ‘தப்பு’வைக் காட்டிச் சமாளித்தீர். ஒரு சொல் தாவியது என்பதால் இன்னொன்றும் தாவியே தீர வேண்டுமா?

அப்படியானால் ‘தவறு’ என்ற சொல்லைக் கொண்டு வருகிறேன். அதுவும் உங்கள் வீட்டுச் சொல்தான். குறி தவறியது என்கிறோம். அவன் செய்தது தவறு என்கிறோம். உம்முடைய விதிப்படி அடுத்த படி என்ன? ‘மான் தவறியது’ என்றால் மான் உயிரோடு ஓடியது என்று வர வேண்டும். ஆனால் ‘அவர் நேற்றுத் தவறிவிட்டார்’ என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டுகிறோம். குறி விலகுவதிலிருந்து வாழ்வு பிறக்கும் என்றால், இங்கே ஏன் சாவு பிறந்தது?

மூதூர் நானா:
இது நல்ல கேள்வி. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் மௌத்தாகிவிட்டார் என்போம். அதனால் எங்கள் பக்கம் தவறுதல் இன்னமும் பழைய வேலையைத்தான் அதிகம் பார்க்கிறது. ஸுபஹ் தவறிவிட்டது என்றால் விடியற்காலைத் தொழுகையை உரிய நேரத்தில் தொழவில்லை என்று பொருள். யாரும் சாகவில்லை, நித்திரை கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

உப்புவெளி ரீச்சர்:
மாஸ்டர் கேட்டதற்கு நானா பாதி விடையைக் கொடுத்துவிட்டார். எது எதைவிட்டு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். பிழைத்தவனும் தப்பியவனும் சாவின் பிடியிலிருந்து விலகியவர்கள். தவறியவர் நம் பிடியிலிருந்து விலகியவர். கைதவறிக் கீழே விழுந்த கண்ணாடிக் குவளையைப் போல. தொழுகை தவறியது, பஸ் தவறியது, ஆள் தவறினார். மூன்றிலும் பற்றி வைத்திருக்க வேண்டியது நம்மிடம் இல்லாமல் போனது. ஆகவே இந்தச் சொல் என் விதியை உடைக்கவில்லை. விலகல் என்ற ஒரே வேரிலிருந்து உயிரும் கிளைக்கும், சாவும் கிளைக்கும் என்றுதான் காட்டுகிறது.

எழுவாய் தாவியதைப் பற்றிக் கேட்டீர்கள். அகவல்தான் அந்தப் பலகை. ‘பேரிருள் பிழைத்தும்’ என்ற தொடரில் பிழைத்தது கரு. இருள் அல்ல. வேல் யானையைப் பிழைத்தது என்றால் வேல் யானைமேல் படவில்லை. கரு இருளைப் பிழைத்தது என்றால் கரு இருளில் அகப்படவில்லை. இரண்டு தொடருக்கும் இலக்கணக் கட்டு ஒன்றுதான்: ஒன்று இன்னொன்றைத் தொடாமல் விலகிப் போகிறது. தாவவே இல்லை, மாஸ்டர். எழுவாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விலகியது ஆயுதமாக இருந்தால் தவறு என்கிறோம், உயிராக இருந்தால் மீட்சி என்கிறோம்.

‘தப்பு’ வடக்கிலிருந்து இறங்கியது என்று யாரோ சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். திருவம்மானையில் ‘தப்பாமே தாளடைந்தார் நெஞ்சுருக்கும் தன்மையினான்’ என்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத வரியா?

பிழைக்கு ழகரம் என்பதையாவது எல்லோரும் ஒத்துக்கொள்வோம் என்று நினைக்கிறேன். என் வகுப்பில் ஒருவன் கொப்பியின் மேலட்டையில் ‘பிளை திருத்தம்’ என்று அழகாக எழுதி, கீழே அடிக்கோடும் இட்டிருந்தான்.

சாம்பல்தீவான்:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. கட்டுரைக்காகக் கதைத்தவர்களில் ஓர் அம்மா கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். ‘அது போய் நான் பிழைத்தேனே, அதுதான் பிழை’ என்றார். மாங்காய்க்கு உப்புத் தூள் தடவிக்கொண்டே சொன்னார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரீச்சர் சொல்லும் இலக்கணம் எதையும் அவர் படித்ததில்லை. அந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறேன். தலைப்பைத் திருத்திய பெரியவர் அந்த வரியில் கை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை வாசித்துப் பார்த்த என் தகப்பனார் கம்பனைச் சொன்னார். அயோத்தியா காண்டத்தில் இலக்குவனுக்கு இராமன் சொல்வது:

நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை அற்றே
பதியின் பிழையன்று பயந்து நமைப் புரந்தாள்
மதியின் பிழையன்று மகன்பிழை யன்று மைந்த
விதியின் பிழைநீ இதற்கென்னை வெகுண்ட தென்றான்.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்றால் அது ஆற்றின் குற்றமா? இது யார் பக்கத்துச் சாட்சி என்று எனக்குத் தெரியவில்லை.

உவர்மலை மாஸ்டர்:
தம்பி, அந்த அம்மாவின் வாக்கில் கை வைக்காதீர். அச்சுக்கோப்பவர் ‘பிழைத்தேனே’ என்பதற்குப் பின்னால் காற்புள்ளி விட்டிருக்கிறாரா என்று மட்டும் பாரும்.

கம்பன் என் பக்கம். ஐந்து முறையும் பிழை என்றால் குற்றம்தான். யாரைக் குற்றம் சொல்வது என்பதுதான் பாட்டின் வழக்கே. நதியை விடுதலை செய்கிறான், தசரதனை, கைகேயியை, பரதனை விடுதலை செய்கிறான், விதிக்குத் தீர்ப்பு எழுதுகிறான். இதில் குறி விலகுவதற்கு இடம் எங்கே?

உப்புவெளி ரீச்சர்:
நதிதான் இடம். மழை பெய்யாவிட்டால் ஆறு வற்றும். அங்கே யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இருக்க வேண்டியது இல்லை, அவ்வளவுதான். அந்த வெறுமைக்கும் ‘பிழை’ என்ற பெயரைச் சூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்பன் ‘அன்று’ என்கிறான். குற்றம் என்ற பொருள் மட்டும் இருந்தால் ஆற்றை இந்தப் பேச்சுக்கே அழைத்திருக்கமாட்டான். ஆற்றைக் குற்றம் சொல்லும் பைத்தியக்காரன் யார்?

உவர்மலை மாஸ்டர்:
மகாவலியைக் குற்றம் சொல்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிள்ளை. கிண்ணியாப் பக்கம் போய்க் கேளும்.

ஒரு சொல் என்பதை நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ‘பேரிருள் பிழைத்தும்’ பற்றி நீர் சொன்ன இலக்கணக் கட்டு மட்டும் யோசிக்க வேண்டியது. ஆனால் அது ஒரு சொல்லாகவே இருந்தாலும் தலைப்பைப் பற்றிய என் தீர்ப்பு மாறாது. ‘பிழைத்தவர்கள்’ என்று எழுதினால் பேச்சு வழக்கு காப்பாற்றும். ‘பிழைத்தோர்’ என்று ஓகாரம் போட்டு நிமிர்த்தினால் அது செய்யுள் நடை. செய்யுள் நடை போட்டால் செய்யுட் பொருளும் கூடவே வரும். தம்பிக்குப் பாட்டு நடை மேல் ஆசை. அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

மூதூர் நானா:
‘உயிர் பிழைத்தோர்’ என்று போடுங்கள். முன்னால் உயிர் நின்றால் குற்றம் கிட்ட வராது. மாஸ்டருக்கும் வேலை மிச்சம்.

சாம்பல்தீவான்:
மலர்க்குழுவும் இன்று மாலை அதையே தீர்மானித்தது. பெரியவர் ‘தப்பியோர்’ என்பதை அடித்து, ‘உயிர்’ என்பதன் பின்னால் ‘பிழைத்தோர்’ என்பதைத் தம் கையாலேயே சேர்த்தார்.

சீனன்குடாப் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன், இலக்கியத்தில் வாய் வைக்கக்கூடாது. ஆனாலும் ஒரு சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது.

நம் நாட்டில் பேச்சிலும் பள்ளியிலும் ‘பிழை’தான் ராசா. சிறு வகுப்பில் ‘சரி, பிழை’ என்று அடையாளமிடச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் அதே இடத்தில் ‘சரியா தவறா’ என்று கேட்பார்கள், வீட்டில் ‘தப்பு’ என்பார்கள். நாம் ‘அது பிழை’ என்றால் புத்தகத் தமிழ் பேசுகிறோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஆய்வுகூடத்துக்குள் போனால் எல்லாம் தலைகீழ். வேணியர் இடுக்கிமானியில் தாடைகள் மூடியிருக்கும்போது பூச்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அதை நாம் ‘பூச்சிய வழு’ என்கிறோம். அவர்கள் ‘சுழிப்பிழை’ என்கிறார்கள். வீட்டில் பிழை பேசுகிறவர்கள் பாடத்தில் வழு எழுதுகிறோம், வீட்டில் தப்பு பேசுகிறவர்கள் பாடத்தில் பிழை எழுதுகிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். கருவியில் இருப்பது யாருடைய குற்றமும் இல்லை. அளவு சற்று விலகியிருக்கிறது. ரீச்சர் சொன்ன ‘குறி விலகல்’ இதற்குத்தானே மிகவும் பொருந்தும்? அப்படியானால் ‘பூச்சியப் பிழை’ என்பதுதானே சரி?

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, வழுவும் குறைந்த சொல் அல்ல. அதுவும் அசைவைக் குறிக்கும் சொல்தான். வழுக்குவதும் வழுவுவதும் அங்கிருந்து வருகின்றன. இழுக்கு என்ற சொல்லும் அப்படியே. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்ற 415ஆம் குறளில் இழுக்கல் என்றால் வழுக்கு நிலம். கோல் ஊன்றி நடக்கிற சேற்று நிலம். ‘துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்ற 467இல் அதுவே குற்றம். சேற்றில் கால் சறுக்கியதும் புத்தியில் சறுக்கியதும் ஒன்றாகிவிட்டன. தமிழன் குற்றத்துக்குப் பெயர் வைக்கும்போது பெரும்பாலும் கால் எங்கே சறுக்கியது, குறி எங்கே விலகியது என்றுதான் பார்த்திருக்கிறான்.

ஆனால் வழுவுக்கு ஒரு குறை உண்டு. வழுவியவன் விழுவான். பிழைத்தவன் விழலாம், எழுந்தும் ஓடலாம். பிழை என்ற சொல்லுக்குத்தான் இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன.

உவர்மலை மாஸ்டர்:
வழுவை இலக்கணக்காரர்கள் சும்மா எடுக்கவில்லை. நன்னூலார் திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என்று ஏழிலும் மயங்கினால் வழு என்கிறார். அதோடு நில்லாமல், காரணம் இருந்தால் ‘வழுவமைதி’ என்று ஒன்றை வைத்து அதை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார். உவப்பில் ஒரு தாய் மகனை ‘வாடி கண்ணே’ என்றால் அது வழுதான், ஆனால் அமைதி பெற்ற வழு. பிழைக்கு அந்தச் சலுகை இல்லை. பிழையமைதி என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? பிழையைப் பொறுக்கத்தான் முடியும். சுந்தரரும் ‘பிழையுளன பொறுத்திடுவர்’ என்றுதான் நம்பினார், கண் போனது வேறு கதை.

ஆகவே கருவியில் வரும் விலகலுக்கு வழு என்பதே தகும். அதைக் கணக்கில் கூட்டியோ கழித்தோ அமைதி செய்துகொள்ளலாம்.

சீனன்குடாப் பெடியன்:
மாஸ்டர், இது எனக்குப் பிடித்திருக்கிறது. பூச்சிய வழுவைக் கழித்து எடுக்கிற வாசிப்புக்கு ‘வழுவமைதி’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமா?

உவர்மலை மாஸ்டர்:
வகுப்பில் சொல்லும். பரீட்சைத் தாளில் எழுதச் சொல்லிவிடாதேயும். திருத்துகிறவன் பௌதிக ஆசிரியனாக இருப்பான், பிள்ளைக்குப் புள்ளி போய்விடும்.